மார்க்கெட் பலகையிலிருந்து மீனியல்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊட்டி மார்க்கெட் மீன் கடைப் பக்கம் போனால், ஒரே பலகையில் கடலும் அணையும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். மேற்குக் கடற்கரையிலிருந்து கூடலூர் வழியாக ஏறி வந்த மத்தி, அயிலை ஒரு பக்கம், மேட்டுப்பாளையம் வழியாக வந்த கட்லா, ரோகு, ஜிலேபி இன்னொரு பக்கம், நடுவில் மீசையோடு கெளுத்தி, என்றைக்காவது ஒரு நாள் சின்னச் சுறாக்குட்டி. போன மாதம் ஏழாவது படிக்கிற என் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவள், "மாமா, எல்லாமே மீன்தானே, அப்புறம் ஏன் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல?" என்று கேட்டாள். மீனியல் படிக்கிறவர்கள் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியே இதுதான். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், வீட்டுக்கு வந்து மீன் அறுக்கும்போது காட்டியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீன் என்றால் என்ன. முதுகெலும்பு இருக்க வேண்டும், வாழ்நாள் முழுக்கச் செவுள் இருக்க வேண்டும், கை கால் இருக்கும் இடத்தில் துடுப்பு இருக்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் ஜெல்லி மீன், நட்சத்திர மீன் இரண்டும் பெயரில் மட்டும்தான் மீன், அவற்றுக்கு முதுகெலும்பே கிடையாது. கணவாயும் அப்படித்தான், அது நத்தைக்குச் சொந்தம். திமிங்கிலத்துக்கு முதுகெலும்பு உண்டு, ஆனால் நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. உயிரினங்களை வகை பிரித்துப் பெயர் வைத்த லின்னேயஸ் 1758இல் அதை மீன் கூட்டத்திலிருந்து எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்துவிட்டார். மறுபக்கம், பாம்பு மாதிரி இருக்கும் விலாங்கும், மீன் என்றே நம்ப முடியாத கடல்குதிரையும் அசல் மீன்கள். ஆகவே தோற்றத்தை மட்டும் நம்பக் கூடாது, உறுப்பைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதைத் துடுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு ரோகுவைக் கையில் எடுத்துத் தலை இடப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். மேலே நிற்பது முதுகுத் துடுப்பு, பின்னால் வால் துடுப்பு, அடியில் கழிவுத் துளைக்குப் பின்னால் இருப்பது குதத் துடுப்பு. இந்த மூன்றும் ஒற்றைத் துடுப்புகள். செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மார்புத் துடுப்பு, அதற்குப் பின்னால் வயிற்றடியில் இடுப்புத் துடுப்பு, இவை ஜோடித் துடுப்புகள். வாலும் வாலடிச் சதையும்தான் மீனை முன்னால் தள்ளும், முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் உடம்பு உருண்டுவிடாமல் பிடிக்கும், ஜோடித் துடுப்புகள் திருப்பவும் நிறுத்தவும் மேலே கீழே போகவும். நம் கையும் காலும் பரிணாமத்தில் இந்த ஜோடித் துடுப்புகளின் வழியில்தான் வந்தவை, அதனால் இவற்றை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பாருங்கள்.

அடுத்து துடுப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கொஞ்சம் ஜாக்கிரதையாக. ரோகுவின் முதுகுத் துடுப்பு விரலுக்கு மெத்தென்று மடங்கும், ஏனென்றால் அதன் கதிர்கள் மென்மையானவை. ஜிலேபியின் முதுகில் கை வைத்தால் முன்பாதி முழுக்க முள், குத்திவிடும். கெளுத்திக்கு முதுகுத் துடுப்பின் முன்னால் ஒரு முள், மார்புத் துடுப்பு ஒவ்வொன்றிலும் ஒரு முள், விறைத்து நிற்கும். மீன் கடை அண்ணா கெளுத்தியை எடுக்கும்போது பின்பக்கமாகப் பிடிக்காமல் தலையோடு சேர்த்து விரலை அந்த முள்ளுக்குப் பின்னால் கொடுத்துத் தூக்குவதைக் கவனித்தால் காரணம் புரியும். அயிலையைப் பார்த்தால், முதுகுத் துடுப்பு முடிந்து வால் வரைக்கும் மேலும் கீழும் குட்டிக் குட்டித் துடுப்புகள் வரிசையாக இருக்கும். கடலில் நிற்காமல் வேகமாக நீந்தும் கூட்டத்தின் அடையாளம் அது, சூரையிலும் வஞ்சிரத்திலும் இதே வரிசை உண்டு. அப்புறம் நம் மலையில் பார்க்கக் கிடைக்கும் அடையாளம் ஒன்று: குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் மீனின் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில், கதிரே இல்லாத சதைத் துண்டு மாதிரி ஒரு சின்னத் துடுப்பு துருத்தி நிற்கும். அதன் பெயர் கொழுப்புத் துடுப்பு. ரோகு, கட்லா போன்ற கெண்டை இனங்களுக்கு அது கிடையாது, டிரவுட், சால்மன் கூட்டத்துக்கு உண்டு, கெளுத்திகளில் பலவற்றுக்கும் உண்டு.

வாயைப் பார்த்தால் மீன் எங்கே சாப்பிடுகிறது என்று சொல்லிவிடலாம், எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. கட்லாவின் வாய் பெரியது, மேல்நோக்கித் திறந்திருக்கும், தண்ணீரின் மேல்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டிச் சாப்பிடுகிற மீன் அது. ரோகுவின் வாய் கொஞ்சம் கீழ்நோக்கி, உதட்டில் குஞ்சம் வைத்த மாதிரி விளிம்பு, இது நடுத்தண்ணீர் மீன். சாதாக் கெண்டைக்கு வாய் குழாய் மாதிரி முன்னால் நீளும், ஓரத்தில் இரண்டு ஜோடி மீசை, சேற்றைக் கிளறித் தின்னும். இதனால்தான் ஒரே குளத்தில் மூன்று இன மீனையும் விட்டு வளர்க்கிறார்கள், ஒன்றின் தட்டில் இன்னொன்று அவ்வளவாகக் கை வைப்பதில்லை. டிரவுட்டின் வாயில் விரல் விட்டால் சின்னச் சின்னப் பற்கள் தாடையிலும் நாக்கிலும் தட்டுப்படும், அது வேட்டைக்கார மீன், ஓடையில் பூச்சியையும் சின்ன மீனையும் பிடிக்கிறது. கெண்டைக் குடும்பத்துக்குத் தாடையில் பல்லே கிடையாது.

அப்படியானால் மென்று தின்பது எப்படி? இதைச் சமையலறையில்தான் காட்ட முடியும். கெண்டைத் தலையைக் குழம்பு வைத்தால், சாப்பிடும்போது தொண்டைப் பக்கமிருந்து வளைந்த எலும்பு ஒன்று வரும், அதில் கடைவாய்ப் பல் மாதிரியே மழுங்கின பற்கள் ஒட்டியிருக்கும். அதற்கு நேர் மேலே, தொண்டைக் கூரையில் ஒரு கெட்டியான பட்டை இருக்கும், அம்மிக்கல்லும் குழவியும் மாதிரி இரண்டுக்கும் நடுவில் தீனி அரைபடுகிறது. அக்கா மகள் அந்த எலும்பைக் கழுவி, காயவைத்து, பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள். இன்னொரு விஷயம், கெண்டைக்கு இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. தொண்டையிலிருந்து நேரே குடல்தான், நீளமாகச் சுருண்டு கிடக்கும். டிரவுட்டுக்கு நல்ல இரைப்பை உண்டு, குடல் குட்டை. இறைச்சி தின்னும் உடம்பும் தழையும் சேறும் தின்னும் உடம்பும் இப்படித்தான் வேறுபடுகின்றன.

செதிலுக்கு வருவோம். செதில், ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக, தலையிலிருந்து வாலை நோக்கிப் படிந்திருக்கும். அதனால்தான் வாலிலிருந்து தலை நோக்கிச் சுரண்டுகிறோம். ஒரு பெரிய செதிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மரத்தின் வளையம் மாதிரி கோடுகள் தெரியும். தீனியும் வெப்பமும் நன்றாக இருந்த காலத்தில் கோடுகள் இடைவெளி விட்டும், குளிர்காலத்தில் நெருக்கமாகவும் விழும், அதை வைத்து வயதைக் கணக்கிடுவார்கள். காதுக்குள் இருக்கும் சின்னக் காதுக்கல்லிலும் இதே மாதிரி வளையங்கள் உண்டு. கெளுத்திக்குச் செதிலே கிடையாது, வெறும் தோலும் வழவழப்பும்தான். சுறாவின் தோலை வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவினால் உப்புத்தாள் மாதிரி கீறும், ஏனென்றால் அதன் செதில் ஒவ்வொன்றும் அமைப்பில் ஒரு குட்டிப் பல்.

ஊட்டி ஏரியில் தூண்டில் போடுகிறவர்களுக்குக் கண்ணாடிக் கெண்டை தெரிந்திருக்கும். உடம்பு முழுக்கச் செதில் இல்லாமல், அங்கங்கே மட்டும் கண்ணாடி பதித்த மாதிரி பெரிய பெரிய செதில்கள். அது தனி இனம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஐரோப்பாவில் வளர்ப்பவர்கள் செதில் குறைந்தவற்றையே தேர்ந்து தேர்ந்து பெருக்கியதில் வந்த வகை, சாதாக் கெண்டையும் அதுவும் ஒரே இனம். 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டு வந்தார்கள். இந்தியாவில் அந்த வகை முதலில் இறங்கிய இடம் நம் மலைதான்.

உடம்பின் நடுவில், செவுளிலிருந்து வால் வரை ஒரு மெல்லிய கோடு ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குப் பக்கக்கோடு என்று பெயர். கிட்டத்தில் பார்த்தால் அந்த வரிசைச் செதில் ஒவ்வொன்றிலும் ஊசி குத்தின மாதிரி ஒரு துளை. துளைக்கு அடியில் தண்ணீரின் அசைவை உணரும் செல்கள் இருக்கின்றன. கலங்கின தண்ணீரிலும் கும்மிருட்டிலும் பாறையில் முட்டாமல் போவதும், கூட்டமாக நீந்தும்போது பக்கத்து மீனோடு ஒத்துத் திரும்புவதும் இதனால்தான் இவ்வளவு துல்லியமாக நடக்கிறது. கரையில் நீங்கள் தொம்மென்று மிதித்து நடந்தால் மீன் விலகுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. மீனை இனம் பிரிக்கிறவர்கள் முதலில் எண்ணுவது இந்த வரிசைச் செதில்களைத்தான். முழுச் செதில் உள்ள சாதாக் கெண்டைக்கு முப்பத்தைந்தை ஒட்டி இருக்கும், ஆற்றில் பெரிதாக வளரும் மஹ்சீர் மீனுக்குச் செதில் உள்ளங்கை அளவு கூட வளரும் என்பதால் இருபத்துச் சொச்சத்திலேயே முடிந்துவிடும், டிரவுட்டுக்கு நூறைத் தாண்டும். ஊசி முனையை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள், நான் சொல்வதைவிட அது நன்றாக மனதில் நிற்கும்.

செவுளை எல்லாரும் பார்த்திருக்கிறோம், கடையில் மூடியைத் தூக்கி "பாருங்க, ரத்தச் சிவப்பு" என்று காட்டுவார்கள். அந்த எலும்பு மூடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டால் உள்ளே பக்கத்துக்கு நான்கு வளைவுகள், ஒவ்வொரு வளைவின் வெளிப்புறமும் சிவப்புச் சீப்பு, உட்புறம் வெள்ளையாகக் கெட்டியான முள் வரிசை. வெள்ளை முள், தீனி செவுளுக்குள் போய்விடாமல் தடுக்கும் சல்லடை. சிவப்புச் சீப்புதான் மூச்சு. மீன் வாயைத் திறந்து தண்ணீரை வாங்கி, செவுள் வழியாகத் தள்ளுகிறது, தண்ணீர் போகும் திசைக்கு எதிர்த் திசையில் ரத்தம் ஓடுகிறது. இந்த எதிர் ஓட்டம் முக்கியம். இரண்டும் ஒரே திசையில் போனால் பாதி வழியிலேயே சமமாகி நின்றுவிடும், எதிரெதிராகப் போவதால் கடைசி வரை ரத்தத்தைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் கூடுதலாகவே இருக்கும், ஏறிக்கொண்டே இருக்கும். இதயத்துக்கு இரண்டே அறை, அது ரத்தத்தைச் செவுளுக்குத் தள்ளும், செவுளிலிருந்து அப்படியே உடம்புக்குப் போய்விடும். தரையில் போட்டால் மீன் ஏன் சாகிறது, காற்றில் ஆக்சிஜன் அதிகம்தானே என்று கேட்பார்கள். தண்ணீர் இல்லாமல் அந்தச் சீப்பின் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, பரப்பு சுருங்கிவிடுகிறது, காய்ந்தும் போகிறது. விராலுக்கும் பனையேறிக் கெண்டைக்கும் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி அறை இருப்பதால்தான் கூடையில் அவ்வளவு நேரம் உயிரோடு கிடக்கின்றன.

டிரவுட் ஏன் மலையில் மட்டும் இருக்கிறது என்பதற்கும் விடை செவுளில்தான் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் அதிக ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். கடல் மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கொள்ளும், 30 டிகிரியில் ஏழரைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, அதனால் அந்த 11 இங்கே எட்டரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்படியும் சமவெளிக் குளத்தைவிட அதிகம். கூடவே குளிரில் மீனின் தேவையும் குறைகிறது, ஓடை பாறையில் மோதி நுரைத்து ஓடுவதால் காற்றும் கலந்துகொண்டே இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் டிரவுட் பிழைக்கும்.

வயிற்றைக் கீறினால் முதுகெலும்புக்கு அடியில் வெள்ளையாக ஒரு பலூன் தெரியும், பிள்ளைகள் காலில் மிதித்து டப்பென்று உடைப்பது. அது காற்றுப்பை. மீனின் சதை தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், பையில் இருக்கும் வாயு அதைச் சமன் செய்வதால், மூழ்காமலும் மேலே வந்துவிடாமலும் நினைத்த ஆழத்தில் நிற்க முடிகிறது. கெண்டைக்கு அது நடுவில் இடுப்பு ஒடுங்கி இரண்டு அறையாக இருக்கும், டிரவுட்டுக்கு ஒரே நீளப் பை. கெண்டைக்கும் கெளுத்திக்கும் இன்னொரு வசதி உண்டு: காற்றுப்பையிலிருந்து உள்காது வரை சின்ன எலும்புகள் சங்கிலி மாதிரி கோத்திருக்கின்றன, பை அதிர்ந்தால் காதுக்குப் போய்விடும், ஒலி நன்றாகக் கேட்கும். வெளியே பார்த்தால் செதில் உள்ள கெண்டைக்கும் செதிலே இல்லாத கெளுத்திக்கும் சொந்தம் இருப்பதாகத் தோன்றாது, இந்த எலும்புச் சங்கிலி காட்டிக்கொடுத்துவிடுகிறது. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது, எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அதை மிதக்க வைக்கிறது.

சரி, இனி வகைப்பாடு. இன்றைக்கு உயிரோடு இருக்கும் மீன் இனங்கள் முப்பதாயிரத்துக்கும் மேல், அவற்றை மூன்று பெரிய கூறாகப் போடலாம். தாடையே இல்லாமல் வட்ட வாயால் உறிஞ்சும் மீன்கள் ஒரு கூறு, லாம்ப்ரே போன்றவை, நம் மார்க்கெட் பக்கம் வராது. குருத்தெலும்பு மீன்கள் அடுத்தது, சுறாவும் திருக்கையும், நம் காது மடலில் இருக்கிற மாதிரி வளையும் எலும்பு, செவுளுக்கு மூடி கிடையாது, பக்கத்தில் ஐந்து முதல் ஏழு கீறல்கள் தெரியும். மீதி கிட்டத்தட்ட எல்லாமே எலும்பு மீன்கள், செவுளுக்கு ஒரே மூடி, முள் முள்ளாக எலும்பு. எலும்பு மீன்களிலும் இரண்டு கிளை உண்டு: விசிறி மாதிரி கதிர்த் துடுப்பு உள்ளவை ஒன்று, பலகையில் இருக்கும் மத்தியிலிருந்து ஓடையில் இருக்கும் டிரவுட் வரை எல்லாம் இதில்தான். இன்னொன்று துடுப்பின் அடியில் எலும்பும் சதையுமாகத் தண்டு உள்ளவை. அந்தக் கிளையில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், நுரையீரல் மீன்களும், அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்து 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் வலையில் வந்த சீலகாந்த்தும். நான்கு கால் உள்ள விலங்குகள் எல்லாம் அந்தக் கிளையில் முளைத்தவை, நாமும் அதில் சேர்த்தி. கணக்குப் போட்டுப் பார்த்தால், கெண்டைக்குச் சுறாவைவிட நாம் நெருங்கிய சொந்தம். 'மீன்' என்பது நம் வசதிக்கு வைத்த பொதுப் பெயர், பரிணாம மரத்தில் அப்படித் தனியாக வெட்டி எடுக்கும்படி ஒரே கிளை கிடையாது.

தமிழ்ப் பெயர்களை வைத்து வகை பிரிக்கப் போனால் தடுமாறுவோம். அயிலையின் இன்னொரு பெயர் கானாங்கெளுத்தி, ஆனால் கெளுத்திக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பனையேறிக் கெண்டை, கெண்டைக் குடும்பத்தில் சேராது. இதற்காக நம் பெயர்கள் தப்பு என்று சொல்ல மாட்டேன், பிடிப்பவருக்கும் சமைப்பவருக்கும் எது தேவையோ அதை வைத்துப் பெயர் வந்திருக்கிறது. சொந்தத்தைச் சொல்ல வேண்டுமானால் அறிவியல் பெயர் வேண்டும், முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் இனம், வீட்டுப் பெயரும் சொந்தப் பெயரும் மாதிரி. அந்தப் பெயரும் மாறும். நம் மலையில் இருக்கும் வானவில் டிரவுட்டைப் பல காலம் சால்மோ கெய்ர்ட்னெரி என்றுதான் புத்தகங்களில் எழுதினார்கள், ஐரோப்பிய டிரவுட்டின் பேரினத்தில். பிறகு அது பசிபிக் சால்மன்களுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்றும், ரஷ்யாவின் கம்சாட்கா பக்கம் 1792லேயே பெயர் வைத்த மீனும் இதுவும் ஒன்று என்றும் தெரிந்ததால், 1989இல் ஆங்கோரிங்கஸ் மைகிஸ் ஆக்கிவிட்டார்கள்.

டிரவுட் நீலகிரியின் சொந்த மீனும் இல்லை. இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய பிரான்சிஸ் டே 1860களில் கொண்டு வர முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் வளர்ப்பு நிபுணர் ஹெச்.சி. வில்சன் காலத்தில்தான் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்து வெற்றி கண்டார்கள். கெண்டையும் வந்தது, ஜிலேபியும் வந்தது. மேலே ஏரியிலும் ஓடையிலும் நாம் பார்ப்பவை பெரும்பாலும் வந்தேறிகள். மலையின் சொந்தக்காரர்களைப் பார்க்கக் கீழே, பவானியும் மாயாறும் பாறையில் உருண்டு ஓடும் பக்கம் இறங்க வேண்டும். அங்கே பவானியா என்று ஆற்றின் பெயரையே பேரினப் பெயராகத் தாங்கிய ஒரு விரல் நீள மீன் இருக்கிறது. வயிறு தட்டை, ஜோடித் துடுப்புகள் நிற்காமல் இரண்டு பக்கமும் விரிந்து பாறையோடு படிந்துவிடும், வாய் முழுக்க அடியில். வெள்ளம் மேலே அடித்துக்கொண்டு போனாலும் அது பாறையை விடாது. அதன் காற்றுப்பை சுருங்கி எலும்புக் கூட்டுக்குள் அடங்கியிருக்கிறது, மிதக்கத் தேவையில்லாத மீனுக்குப் பலூன் எதற்கு. துடுப்பு, வாய், காற்றுப்பை என்று இதுவரை பார்த்த எல்லாமே அந்த ஒரு விரல் நீளத்தில் இருக்கிறது.

காவிரியிலும் மாயாற்றிலும் இருக்கும் திமில் மஹ்சீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைக்குப் பின்னால் முதுகு மேடாக எழும்பி, ஐம்பது கிலோ வரை வளரும் மீன், வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே தூண்டில்காரர்களிடம் பெயர் பெற்றது. இருந்தும் அதற்குச் சரியான அறிவியல் பெயர் எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாமலே கிடந்தது. 2007இல், பழனி மலைக்கு மேற்கே ஓடி அமராவதியில் சேரும் பாம்பாற்றில் கிடைத்த சின்ன மஹ்சீர்களை வைத்து, மீனியலாளர் ரேமா தேவியின் பெயரால் டோர் ரேமாதேவி என்று ஓர் இனத்தை அறிவித்தார்கள். 2018இல் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் காவிரியின் திமில் மஹ்சீரும் அதுவும் ஒன்று என்று தெரிந்தது, அதே வருஷம் மிக அருகிவிட்ட இனம் என்று, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலிலும் ஏறியது. பதினொரு வருஷம் அந்தத் தொடர்பு தெரியாமல் போனதற்குக் காரணம் எளிது: பாம்பாற்றில் பிடித்தவை குஞ்சுகள், அவற்றுக்கு அப்போது திமில் எழும்பியிருக்கவில்லை.